வாசித்துக் காட்டி விளக்கப்பட்டது

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு இளம் மொழிபெயர்ப்பாளர்கள் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார்கள். நான் முப்பது வருடத்துக்கு மேல் பார்த்துவிட்டு இரண்டு வருடத்துக்கு முன் விட்டுவந்த நீதிமன்ற வேலைக்கு அவர்கள் புதியவர்கள். அவர்களுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. சாட்சிக்கூட்டில் நிற்கும் தமிழன் "நான் கண்டேன்" என்றால், ஆங்கிலத்தில் நாமும் "நான் கண்டேன்" என்றே நீதவானுக்குச் சொல்லவேண்டும் என்பது எங்கள் காலத்து வழக்கம். இப்போது சிலர் "அவன் கண்டதாகச் சொல்கிறான்" என்று பெயர்த்துவிட்டுத் தப்பித்துக்கொள்கிறார்களாம். எது சரி என்று கேட்டார்கள்.

முப்பது வருடம் வாயால் பிழைத்தவனுக்கு அன்று வாய் வரவில்லை. மழையைப் பற்றியும் பேராதனைப் பாலத்தில் ஏறிய வெள்ளத்தைப் பற்றியும் ஏதோ சொல்லி, கோப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர்கள் படியிறங்கியதும் என் மனைவி சிவபாக்கியம் வந்து நின்றாள்.

"பாவம், அந்தப் பிள்ளையள் மினக்கெட்டு வந்ததுகள். ஒரு மறுமொழியும் சொல்லேல்லையே."

"சொல்லுறதெண்டால் எல்லாத்தையும் சொல்லவேணும்."

"அப்ப எழுதுங்கோ. எழுதிறதுக்கென்ன, இனி ஆர் உங்களை வேலையாலை விலத்தப்போகினம்?"

அவள் சொன்னபடி எழுதுகிறேன். நான் வேலை பார்த்த நீதிமன்றம் எது என்பதைச் சொல்லப்போவதில்லை. கண்டிப் பக்கம் என்றால் போதும். நடந்த பிழை அந்தக் கட்டடத்தின் பிழையல்ல, என்னுடையது.

யாழ்ப்பாணத்திலிருந்து இருபத்துமூன்று வயதில் இந்த மலைக்கு வந்தேன். இங்கிலீசும் தமிழும் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு என்று நினைத்திருந்தேன். முதல் நாளே தோட்டத்துத் தமிழ் என்னைத் திணறடித்தது, கண்டித் தெருவில் கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரிகளின் தமிழ் இன்னொரு பக்கம் இழுத்தது. இரண்டு வருடத்தில் இரண்டும் பழகிவிட்டன. மற்றதையெல்லாம் எனக்குக் கற்பித்தவர் எங்கள் தலைமை மொழிபெயர்ப்பாளர். எல்லோரும் அவரைப் பதவிப் பட்டத்தால் பெரிய முதலியார் என்போம்.

பெரிய முதலியார் குரலை உயர்த்தியதே கிடையாது. மூடிய கோட்டும் தலைப்பாகையும், வாயில் எப்போதும் ஓர் ஏலக்காய். யாரையும் திட்டமாட்டார், கேள்விதான் கேட்பார். எங்கே நிற்பது என்பதை அவர் சோக்கட்டியால் தரையில் கோடு போட்டுக் காட்டினார். சாட்சிக்கு இடப்புறம், அரை அடி பின்னால் நிற்கவேண்டும். சாட்சியின் முகத்தைப் பார்க்கக்கூடாது. பார்க்கவேண்டியது நீதவானின் பேனையை.

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். சொல்லப்படும் ஒவ்வொரு சொல்லையும் நீதவான் தம் கையாலேயே எழுதிக்கொள்வார். நாங்கள் ஒரு வாய் சொல்லி நிறுத்துவோம், பேனை வந்து சேர்ந்ததும் அடுத்த வாய். பேனை பின்தங்கினால் அவர் இடக்கையைத் தூக்குவார். உடனே நாங்கள் நிறுத்தி, உள்ளங்கையைச் சாட்சிக்குக் காட்டி அவனையும் நிறுத்தவேண்டும். கை இறங்கியதும் தொடரலாம்.

எழுதி முடிந்தபின் அதை அவனுக்கே தமிழில் வாசித்துக் காட்டி, சரியென்று அவன் ஒப்புக்கொண்டால் கைநாட்டு வாங்கவேண்டும். "வாசித்துக் காட்டி விளக்கப்பட்டது, சரியென ஒப்புக்கொண்டார்" என்று நீதவான் அடியில் எழுதுவார். இந்த இடத்தில்தான் பெரிய முதலியாரின் கெட்டித்தனம் இருந்தது. "காகிதத்தைக் கையிலை பிடியும். ஆனால் காகிதத்தை வாசியாதையும்" என்பார். ஆங்கிலத்தைத் திரும்பத் தமிழாக்கினால் அது வேறு தமிழாக இருக்கும். சாட்சி விழிப்பான், 'நான் அப்படிச் சொல்லலீங்களே' என்பான், கோட்டு நேரம் போய்விடும். அவன் வாயிலிருந்து வந்த சொல்லையே நினைவில் வைத்திருந்து அவனுக்குத் திருப்பிக் கொடுத்தால் மறுக்கவே மாட்டான். ஒரு மணி நேரச் சாட்சியத்தைச் சொல் பிசகாமல் திருப்பிச் சொல்ல நான் பழகினேன். எனக்கு அதில் தலைக்கனமே இருந்தது.

கலியாணமான மூன்றாம் மாதம் முதல் கொலை வழக்கு வந்தது. புசல்லாவைப் பக்கத்துக் கிழவன், தம்பியை மண்வெட்டியால் அடித்தவன். "நான் அடித்தேன். அவன் விழுந்தான். நான் மறுபடியும் அடித்தேன்" என்று நிறைந்த நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் உரத்துச் சொன்னேன். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். சிவபாக்கியம் சோற்றைப் போட்டுவிட்டு அப்படியே நின்றாள்.

"ஏன் இடக்கையாலை பிசையிறியள்?" என்றாள்.

அந்தக் கிழவன் இடக்கைக்காரன். நான் கையை உதறிவிட்டு எழுந்துபோய்க் கழுவினேன். அன்றிரவு எந்தக் கையால் விளக்கைத் தணிப்பது என்றே எனக்குப் பயமாக இருந்தது.

இன்னொன்று, ஆயிரத்துத் தொளாயிரத்து இருபதுகளின் தொடக்கத்தில் நடந்தது. மகாவலியில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் சாட்சி சொன்னாள். "நான் அவன் சட்டையைப் பிடித்தேன். சட்டை மட்டும் என் கையில் வந்தது" என்று பெயர்க்கும்போது என் குரல் உடைந்து கண்ணீர் வந்துவிட்டது. இடைவேளையில் பெரிய முதலியார் என்னைத் தூணோரம் கூப்பிட்டார்.

"இப்ப அழுதது ஆர்? அவவா, நீரா?"

"நான்தான், ஐயா."

"அவ அழேல்லை. கோட்டிலை இல்லாததை நீர் ஏன் கொண்டந்தீர்? இல்லாததைக் கூட்டினால் பொய், உள்ளதைக் குறைச்சால் களவு. காது கேக்கட்டும், வாய் சொல்லட்டும். நடுவிலை நீர் நிக்கக்கூடாது, தம்பி."

அதன்பிறகு நடுவில் நான் நிற்கவில்லை. முதலியார் போனபின் அவருடைய இடம் எனக்கு வந்தது, நானும் முதலியார் ஆனேன். கொலைகாரன், களவாணி, விதவை, கடைக்காரன், கள்ளுத் தவறணைக்காரன் எல்லோருக்கும் பகல் முழுவதும் "நான்" சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், எனக்கென்று ஒரு சொல்லும் மிச்சமிருக்காது. சாய்மனைக் கதிரையில் சாய்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிள்ளையும் இல்லாத வீட்டில் சிவபாக்கியம் தனியே கதைத்துக்கொண்டிருப்பாள்.

நான் ஓய்வுபெற்ற அன்று பூமாலையும் கேக்கும் தந்தார்கள். முப்பது வருடத்தில் என் பெயர்ப்பில் ஒரு சொல் பிழைத்ததில்லை என்று நீதவான் பேசினார். எனக்குப் புல்லரித்தது. வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

சிவபாக்கியம் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள். "இவ்வளவு காலமும் ஒரு ஊமையோடை குடும்பம் நடத்தினன்" என்றாள். கேலியாகத்தான் சொன்னாள், ஆனால் கண் கலங்கியிருந்தது. "இனியாவது நீங்களாக் கதைப்பியள்தானே?"

"கதைக்கிறன்" என்றேன். எதைக் கதைப்பது என்று தெரியவில்லை. இருவரும் கேக்கைத் தின்றோம்.

மூன்றாம் வாரம் அது தொடங்கியது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்மனைக் கதிரையில் கண்ணயர்ந்திருந்தேன். விழித்தபோது சிவபாக்கியம் ஒரு தட்டத்தில் இரண்டு கோப்பை கோப்பியோடு அறை நடுவே நின்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆர் வந்தது?" என்றேன்.

"ஒருத்தருமில்லை" என்று ஒரு கோப்பையை எனக்குத் தந்துவிட்டு மற்றதை உள்ளே கொண்டுபோனாள்.

குசினியில் நின்றவளுக்கு முன்னறையில் யாரோ முஸ்லிம் பெரியவர் சிரித்துக் கதைப்பது கேட்டிருக்கிறது. எனக்கு ஆள் வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டு, கோப்பி ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். அறையில் நான் மட்டும் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தேன். சிரிப்பு என் வாயிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

இதெல்லாம் அவள் ஒரு மாதம் கழித்துச் சொன்னது. அந்த ஒரு மாதமும் மத்தியானத்தில் அவள் குசினிக்குப் போகவில்லை. என் எதிரே உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். ஒரு நாள் கிழவி வந்தாளாம். இன்னொரு நாள் "தெரியாது, தெரியாது" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லாத ஒரு பெண்பிள்ளை. எல்லோரும் வந்து ஒரு முறை பேசிவிட்டுப் போய்விட்டார்கள். அதனால் பயமிருந்தும் பொறுத்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப ஏன் சொல்லுறீர்?" என்றேன்.

"ஒருத்தன் மட்டும் ஒவ்வொரு நாளும் வாறான்."

நான் சிரித்து மழுப்பினேன். அவள் சிரிக்கவில்லை.

"தோட்டத்து ஆள் போலை. இளந்தாரிக் குரல். எந்த நாளும் ஒரே கதை. சொல்லி முடிச்சுப்போட்டு, 'எழுதிட்டீங்களாங்க?' எண்டு கேக்கிறான். நான் பேசாமல் இருந்தால் திரும்பவும் முதலிலையிருந்து சொல்லுறான். அதுதான் நேற்று எழுதினன்."

அவள் ஒரு கொப்பியை நீட்டினாள். அவளுடைய வட்ட எழுத்தில் பத்து வரி இருந்தது. இரண்டாம் வரியிலேயே எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. அது அழகன்.

அழகன் கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளி. அவனுடைய வழக்கு நான் ஓய்வுபெறுவதற்குப் பல வருடத்துக்கு முன் வந்தது. அவனுக்கும் கங்காணிக்கும் மனஸ்தாபம், குடியிருந்த லயத்துக் காம்பராவை விட்டுப் போகச் சொல்லியிருந்தார்கள். அவன் போகவில்லை. ஒரு காலை கங்காணி வந்து கதவை உடைத்தார். கொஞ்ச நேரத்தில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியின் வெட்டுப்பட்டுச் செத்துக் கிடந்தார். கங்காணியின் சொந்தக்காரர் இருவர் சாட்சி சொன்னார்கள். வேறு யாரும் காணவில்லை. அழகனின் மனைவி அந்த நேரம் குனிந்து, சிதறிய சாமான்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "நீ ஏன்யா வெட்டுனே?" என்று அவள் கத்தியதைத்தான் அயல் காம்பராக்கள் கேட்டன.

கொலை வழக்கு முதலில் எங்களிடம் விசாரணைக்கு வரும், பிறகு ஜூரிமார் இருக்கும் மேல் கோட்டுக்குப் போகும். விசாரணையின் முடிவில், குற்றம் சாட்டப்பட்ட எதிரி ஏதும் சொல்ல விரும்பினால் நீதவான் எழுதிக்கொள்வார். அழகன் சொன்னான், நான் பெயர்த்தேன். பிறகு வாசித்துக் காட்டினேன். அவன் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டி, "ஆமாங்க, அப்படியேதானுங்க" என்று கைநாட்டு வைத்தான்.

எழுதப்பட்டிருந்தது இதுதான். கங்காணி வந்து கதவை உடைத்தார். உள்ளே வந்து சட்டி பானையை வெளியே எறிந்தார். நான் பேசாமல் நின்றேன். என் மனைவி குனிந்து பொருட்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் கவ்வாத்துக் கத்தியால் அவரை வெட்டினேன்.

மேல் கோட்டில் அழகன் வேறு கதை சொன்னான். கங்காணி கதவை நெம்பக் கொண்டுவந்த இரும்பு அலவாங்கை அவன் மனைவியின் தலைக்கு மேல் ஓங்கினார், அதனால்தான் வெட்டினேன் என்றான். அப்படியானால் அது மனைவியின் உயிரைக் காப்பாற்றச் செய்தது. அவன் விடுதலையாகி வீட்டுக்கே போயிருக்கலாம். ஆனால் அலவாங்கு எதுவும் அந்த இடத்தில் அகப்படவில்லை, சொந்தக்காரர் இருவரும் காணவில்லை என்றார்கள். நீதவானிடம் இதை ஏன் சொல்லவில்லை என்று அரசாங்க வக்கீல் கேட்டார்.

"சொன்னேனுங்க" என்றான் அழகன். சாட்சிகளின் வாங்கில் உட்கார்ந்திருந்த என்னைக் கையால் காட்டினான். "அந்த ஐயாவுந்தான் எனக்குத் திருப்பிச் சொன்னாரு."

வாக்குமூலம் சரியென்று நிரூபிக்க என்னைக் கூட்டில் ஏற்றினார்கள். சரியாகப் பெயர்த்தீரா என்று கேட்டார்கள். ஆம் என்றேன். வாசித்துக் காட்டினீரா என்றார்கள், அதற்கும் ஆம். அலவாங்கைப் பற்றி ஏதாவது சொன்னானா என்று கேட்டபோது, "இல்லை. சொல்லியிருந்தால் நான் பெயர்த்திருப்பேன்" என்றேன். சத்தியமாக, அதை நான் நம்பித்தான் சொன்னேன். அழகனுக்குத் தூக்குத் தீர்ப்பானது. ஜூரிமார் இரக்கம் காட்டச் சொன்னதால் அது ஆயுள் மறியலாக மாறியது. அவன் மனைவி கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். அன்று மனச்சாட்சி என்னைத் துளிகூட உறுத்தவில்லை, இப்போது அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

சிவபாக்கியத்தின் கொப்பியில், மனைவி குனிந்து பொறுக்கினாள் என்பதற்கும் நான் வெட்டினேன் என்பதற்கும் நடுவில் ஒரு வரி இருந்தது. "அவ தலைக்கு மேல அலவாங்க ஓங்கிட்டாருங்க. அடிச்சா செத்துருப்பா."

"இது மேல் கோட்டிலை அவன் சொன்னது. அது என்ரை மனதிலை கிடந்து கலந்திட்டுது" என்றேன்.

"அப்ப ஏன் 'எழுதிட்டீங்களாங்க' எண்டு கேக்கிறான்? மேல் கோட்டிலை அப்பிடிக் கேட்டவனோ?"

கேட்கவில்லை. எங்கள் நீதிமன்றத்தில்தான் கேட்டான்.

"நித்திரையிலை கதைக்கிறது சாட்சியமாகாது" என்று கோட்டுக்காரன் புத்தியைக் காட்டினேன்.

"அப்ப நாளைக்கு நான் விசாரிக்கிறன்" என்றாள்.

அடுத்த நாள் மத்தியானம் அவள் என் எதிரே மேசையைப் போட்டு, கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்தாள். நான் தூங்கமாட்டேன் என்று வீம்புக்கு விழித்திருந்தேன். ஆனாலும் மழை பெய்துகொண்டிருந்தது, கண் சொருகிவிட்டது. விழித்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

"வந்தானோ?"

"ஓம்." அவள் கொப்பியை மூடினாள். "நீங்கள் முந்திச் சொல்லுவியளே, நீதவான் கையைத் தூக்கினால் நிப்பாட்டவேணுமெண்டு. பொஞ்சாதி குனிஞ்சா எண்டவுடனை நானும் கையைத் தூக்கிப் பாத்தன்."

"நான் நித்திரை. கண் மூடியிருந்திருக்கும்."

"மூடித்தான் இருந்தது. ஆனால் உங்கடை வலக்கை கதிரைச் சட்டத்திலையிருந்து எழும்பிச்சுது. உள்ளங்கையை இப்பிடிக் காட்டிக்கொண்டு நிண்டுது. அவன்தான் நிப்பாட்டேல்லை. கை நிண்டபடி நிக்க, வாய் சொல்லிக்கொண்டே போகுது."

அவள் அந்தக் கையை எனக்குச் செய்து காட்டினாள். அப்போது எனக்கு எல்லாம் வந்துவிட்டது. அன்று நீதவானின் பேனை முள் பிளந்து மை சிந்தியது. அவர் கையைத் தூக்கினார். கிளாக்கர் புது முள் எடுக்க மேசைச் சாவியைத் தேடினார். நான் உள்ளங்கையை அழகனுக்குக் காட்டினேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, யன்னலுக்கு வெளியே வாகைமரத்தடியில் உட்கார்ந்திருந்த தன் மனைவியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். கை இறங்கியபோது அவன் வெட்டியதைச் சொல்லிக்கொண்டிருந்தான். அங்கிருந்து நான் தொடர்ந்தேன். வாசித்துக் காட்டும்போது வழக்கம்போலக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, காகிதத்தைப் பாராமல், அலவாங்கையும் சேர்த்து முழுவதையும் நினைவிலிருந்து அவனுக்குச் சொன்னேன். அவன் ஒப்புக்கொண்டது என் வாயில் இருந்த வாக்குமூலத்தை. கைநாட்டு வைத்தது வேறொன்றின் கீழே.

அன்று நான் குழந்தையைப் போல அழுதேன். அழுதது நான்தான், வேறு யாருமல்ல.

இதை வெளியே சொன்னால் பொய்ச்சத்தியம் என்று என்னையே பிடிக்கலாம், பென்சனை நிறுத்தலாம். சிவபாக்கியத்திடம் அதைச் சொன்னேன். "பிடிக்கட்டும்" என்றாள். "நான் இந்த வீட்டிலை அவனோடை இருக்கேலாது. உங்களை வேண்டாமெண்டு சொல்லேல்லை. அவனை வெளியிலை விடுங்கோ."

முதலில் அழகனைப் பார்க்க அனுமதி வாங்கினேன். மறியற்சாலையில் இரண்டு கம்பி வலைகளுக்கு அப்பால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது, தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டு கும்பிட்டான். அன்று நடந்ததைத் திரும்பச் சொல்லும்படி கேட்டேன்.

"கங்காணி வந்து கதவை உடைத்தார்" என்று தொடங்கினான். "உள்ளே வந்து சட்டி பானையை வெளியே எறிந்தார். நான் பேசாமல் நின்றேன். என் மனைவி குனிந்து பொருட்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் கவ்வாத்துக் கத்தியால் அவரை வெட்டினேன்."

அது அழகனின் பேச்சே அல்ல. மேல் கோட்டில் என் ஆங்கிலத்தை யாரோ தமிழாக்கி அவனுக்கு வாசித்திருக்கிறார்கள். அதைத்தான் அவன் இத்தனை வருடம் பாடமாக வைத்திருக்கிறான். என் மத்தியானத் தூக்கத்தில் வருகிறவன் அவனைவிட அவனைப் போல இருந்தான்.

"அலவாங்கு?" என்றேன்.

அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான். "அது நானாக் கட்டிக்கிட்ட கதைங்க. தீர்ப்புல பெரிய தொரை சொல்லிட்டாரே. மொதல்ல இருந்துச்சுன்னுதான் நெனச்சேன். யோசிக்க யோசிக்க இல்லேன்னு தெரிஞ்சுபோச்சு."

அப்போதே சொல்லியிருக்கவேண்டும். பக்கத்தில் சிறைக்காவலன் நின்றான். நான் பயந்தேன். "வாறன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

ஆனால் அன்று பின்னேரமே வழக்கறிஞரான ஒரு புறொக்டரிடம் போனேன். இரண்டு சத்தியமும் என்னுடையது, ஒன்று மற்றதைக் கடிக்கும் என்று அவர் எச்சரித்தார். இருந்தும் தேசாதிபதிக்கு மனு எழுதி, என் சத்தியக் கடதாசியையும் சேர்த்து அனுப்பினோம். கையெழுத்து வைத்த நாளிலிருந்து மத்தியானங்களில் யாரும் வரவில்லை. சிவபாக்கியம் இன்னும் எதிரே உட்கார்ந்துதான் பார்க்கிறாள். நான் வெறுமனே குறட்டை விடுகிறேனாம்.

ஐந்து மாதம் கழித்துத் தேசாதிபதியின் கடிதம் வந்தது. என்னைப் பிடிக்கவுமில்லை, பென்சனை நிறுத்தவுமில்லை. அதை வாசித்தபோது என்னைப் பிடித்திருந்தாலே நல்லது என்று தோன்றியது. கடிதத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் மறியற்சாலைக்குப் போனேன்.

"தொரை என்னங்க எழுதியிருக்காரு?" என்றான் அழகன்.

கடிதத்தை விரித்துப் பிடித்தேன். இந்த முறை காகிதத்தைப் பார்த்து, எழுத்து எழுத்தாக வாசித்துப் பெயர்த்தேன். "மனுவைக் கவனமாகப் பரிசீலித்தேன். சம்பந்தப்பட்ட முதலியார் முப்பது வருடமாக ஒரு பிழையும் செய்யாதவர் என்று மேலதிகாரிகள் யாவரும் ஒப்புக்கொள்கிறார்கள். அவர் அப்போது சத்தியம் செய்து சொன்னதை, முதுமையில் ஏற்பட்ட நினைவுத் தடுமாற்றத்தால் இப்போது சொல்வதைவிட நம்பத்தக்கதாகக் கருதுகிறேன். தண்டனையை மாற்றுவதற்குக் காரணம் எதையும் நான் காணவில்லை."

அவன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான்.

"அது தொரை சொல்றது" என்றான். "நீங்க என்னங்க சொல்றீங்க?"

அந்தக் கேள்வியை வேலை பார்த்த காலத்தில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

"நீ அலவாங்கைச் சொன்னாய், அழகன். நான் என் காதால் கேட்டேன். உன் மனைவியைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். நான்தான் அதை நீதவான் துரைக்குச் சொல்லவில்லை. பிழை என்னுடையது."

அவன் கம்பி வலையில் நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டான். காவலன் சிங்களத்தில் ஏதோ அதட்டினான். அவன் நகரவில்லை.

"அப்ப அவ தலைக்கு மேல இருந்துச்சு."

"இருந்தது என்றுதான் அன்று சொன்னாய். யாரும் சொல்லித்தந்து சொல்லவில்லை."

"நான் சும்மா வெட்டல."

"இல்லை."

அவனுடைய தோள்கள் குலுங்கின. என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"என் பொஞ்சாதி ஊருக்கு ஒரு காயிதம் போடுவீங்களாங்க? கப்பலேறுறதுக்கு முந்தி இங்க வந்து, ஏன்யா வெட்டுனேன்னுதான் கேட்டுட்டுப் போனா. அலவாங்க எழுதுங்க."

"எழுதுகிறேன். நீ சொல்லு, சொன்னபடியே எழுதுகிறேன்."

"இல்லீங்க. நான் சொன்னதா எழுதாதீங்க, நான் சொன்னா அவ நம்பமாட்டா. நீங்க சொல்றதா எழுதுங்க."

அவள் இருக்கும் ஊரின் பெயரை இரண்டு தரம் சொன்னான். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று காவலன் அவனைத் திருப்பி அழைத்துக்கொண்டு போனான்.